இசோபெ சானின் உச்சந்தலை

எங்கள் யுனோசாவா வெந்நீர் ஊற்றுக்கு வந்துபோனவர்களில் பாதிப் பேருக்கு இசோபெ சானின் முகம் தெரியாது. உச்சந்தலைதான் தெரியும். மாட்சுகாஸே விடுதியின் வாசல் பொறுப்பாளர் அவர். விருந்தாளிகள் ஏறிய பஸ் நகர்ந்ததும் இடுப்பை மடித்துக் குனிவார். பஸ் மலைவளைவில் திரும்பி மறைகிறவரை நிமிர மாட்டார். பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்க்கிறவர்களுக்குக் கடைசியாகத் தெரிவது, நரைமுடிக்கு நடுவே சோயா சாஸ் கிண்ணம் அளவுக்கு ஒரு வழுக்கை. அதன் இந்தப் பக்கம் ஒரு சுழி, அந்தப் பக்கம் ஒரு சுழி.

என் சலவைக்கடை அதே தெருவில், எங்கள் வட்டத்துக்காரர்கள் கூடும் வட்ட மன்றத்துக்கு நேர் எதிரே. இஸ்திரி மேசையை ஜன்னலோரம் போட்டிருப்பது வெளிச்சத்துக்காகத்தான். வேறு காரணம் சொல்கிறவர்கள் என் கடையில் துணி போடாதவர்கள்.

இசோபெயின் ஒரே மகள் மினோரி ஜெர்மனியில் ஒரு துறைமுக ஊரில் வேலை பார்க்கிறாள். அங்கேயே யென்ஸ் என்று ஒரு பையனைப் பிடித்திருந்தது, கல்யாணம் முடிவாயிற்று. அந்த ஊரில் பதிவு அலுவலகத்தில்தான் கல்யாணம். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி என்று கொடுத்தால் பதினோரு மணிதான். தவறினால் அடுத்த தேதி கிடைப்பதற்குள் இலையெல்லாம் உதிர்ந்துவிடும். பையன் பக்கம் அத்தை, மாமன், தாத்தா என்று ஒரு பட்டாளம். பெண் பக்கம் ஒரே ஒரு நாற்காலி. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த நாற்காலியில் உட்கார இசோபெயை விட்டால் ஆள் கிடையாது.

மனிதர் வெளிநாடு போனதே இல்லை. பாஸ்போர்ட் எடுத்தார். கறுப்புக் கோட்டை என்னிடம் கொடுத்துத் தோளைப் பிரித்துத் தைக்கச் சொன்னார். அங்கே எல்லையில் இப்போது புது ஏற்பாடு, முதல் தடவை வருகிறவர்களிடம் விரல் ரேகையும் முகமும் இயந்திரத்தில் பதிந்துகொள்கிறார்கள் என்று மினோரி போனில் சொன்னபோதுகூட, "சரிம்மா, பதிஞ்சுக்கட்டும்" என்றாராம். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

முடியவில்லை. ஏனென்றால் அந்த வசந்தத்தில்தான் வட்ட மன்றத்தின் மாடிக்கு எல்லைத் தயார்நிலை மேம்பாட்டு வாரியம் குடிவந்திருந்தது.

வாரியத்தின் தலைவர் வாகிசாகா. மாகாண மீன்வளத் துறையில் ஓய்வு பெற்று, ஓய்வு எடுக்கத் தெரியாமல், இங்கே வந்தவர். வெளிநாட்டு எல்லையில் முகம் காட்டவும் விரல் வைக்கவும் மக்களுக்குப் பயிற்சி கொடுத்து, பரீட்சை வைத்து, மூன்றாம் நிலை, இரண்டாம் நிலை, முதல் நிலை என்று சான்றிதழ் கொடுப்பது வாரியத்தின் வேலை. பூனைக்குப் பல் தேய்க்கிறதற்கே நிலை நிலையாகப் பரீட்சை இருக்கிற நாட்டில் இதற்கு இல்லாமலா போகும்? தொடக்க விழாவில் வாகிசாகா பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அன்பார்ந்த வட்டவாசிகளே! நான் முப்பது ஆண்டுகள் மீன் சந்தையில் கண்களைப் பரிசோதித்தவன். செத்த மீனின் கண்ணைப் பார்த்தே அது என்றைக்குச் செத்தது என்று சொல்வேன். உயிரோடிருக்கும் மனிதனின் கண் எனக்கு எம்மாத்திரம்? எல்லையில் நிற்கும் இயந்திரம் எதை விரும்புகிறது? மீனை விரும்புகிறது! ஆகவே, மீனாக நில்லுங்கள்!"

எல்லோரும் கைதட்டினோம். கைதட்டாமல் இருக்க யாருக்கும் காரணம் தோன்றவில்லை.

வாரியத்துக்கு ஒரு பொம்மையும் உண்டு. பொம்மை இல்லாத அலுவலகத்தை எங்கள் ஊரில் யார் மதிப்பார்கள்? பெயர் யுபிமாரு. ஆள் உயரக் கட்டைவிரல். வயிற்றில் சுழிசுழியாக ரேகை, மேலே நகம், நகத்தில் இரண்டு கண். உள்ளே நுழைந்து ஆடுகிறவர் நிஷிமோரி. வாரியத்தின் ஒரே குமாஸ்தா, என் வயதுக்காரர். வாராவாரம் அந்த உடையைத் துவைக்கிறவள் நான் என்பதால் ஒன்று சொல்ல முடியும்: கட்டைவிரலுக்குக் கை உண்டு, கையில் விரல் கிடையாது. உருண்டையாக முடிந்துவிடும். விரல் வைக்கக் கற்றுக்கொடுக்கும் பொம்மைக்கு விரல் இல்லையே என்று நிஷிமோரியிடம் கேட்டேன்.

"விரலே விரலுக்கு விரல் வெச்சுக்கணுமா, ஒகுமுரா சான்? வரைஞ்சவர் கிட்ட நானும் கேட்டேன். கேள்வி மேலிடத்துக்குப் போயிருக்கு" என்றார் அவர். இன்னும் கீழே வரவில்லை.

கொஞ்ச நாளில் வட்டத்தின் சுற்றறிக்கைப் பலகை, அறிவிப்புத் தாளைச் செருகிக்கொண்டு, கைமாறிக் கைமாறி வீடு வீடாக வந்தது. வெளிநாடு போகிறவர்கள் வாரியத்தின் இரண்டாம் நிலையாவது தேறிவிட்டுப் போவது நல்லது. *கட்டாயம் இல்லை.* ஆனால் நம் வட்டத்துக்காரர் ஒருவர் எல்லையில் தடுமாறினால் அவருக்குப் பின்னால் நிற்கும் அத்தனை பேருக்கும் தொந்தரவு என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறோம். இவ்வளவுதான்.

எங்கள் ஊரில் கட்டாயம் என்று சொன்னால் சிலர் செய்யாமல் இருப்பார்கள். கட்டாயம் இல்லை என்று சொல்லிவிட்டால் ஒருத்தரும் தப்ப முடியாது. பலகை விடுதிக்குப் போன அன்று சாயங்காலமே முதலாளியம்மா இசோபெயைக் கூப்பிட்டு, "ஒரு வார லீவு தாராளமா எடுத்துக்குங்க. சான்றிதழ் மட்டும் கொண்டாந்து காட்டிடுங்க. விடுதி பேரு இருக்கில்ல?" என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் நிலை விரலுக்கு. வாரியத்திடம் இயந்திரம் கிடையாது. அதற்கான ஒதுக்கீடு கட்டைவிரலுக்குப் போய்விட்டது. அதனால் டோஃபூ. மேசையில் வரிசையாக வெள்ளை டோஃபூக் கட்டிகள். நான்கு விரலையும் வைத்து அழுத்த வேண்டும். ரேகை பதிய வேண்டும், டோஃபூ உடையக் கூடாது. பாதிப் பேர் உடைத்தார்கள். இசோபெ ஒரே தடவையில் தேறினார். இத்தனை வருஷமாக விருந்தாளிகளின் பெட்டியை எடுத்து வைத்த கை. எதையும் அதிர வைக்காது. ரேகை பதிந்த டோஃபூவை அவரே வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சூப்பில் போட்டுச் சாப்பிட்டார்.

இரண்டாம் நிலை முகத்துக்கு. அங்கேதான் வினை.

இந்தப் பரீட்சைக்கான இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டி. முன்பக்கம் சதுரமாக ஓட்டை, ஓட்டைக்கு மேலே கறுப்பு வட்டம்; அதுதான் கேமரா. உள்ளே முட்டி போட்டு நிஷிமோரி. மாணவர் முன்னால் வந்து நிற்க வேண்டும், அவர் இயந்திரம் மாதிரி பேசுவார்.

"வருக, வருக. தங்களுக்குச் சிரமம் கொடுப்பதற்கு மன்னிக்கவும். தயவுசெய்து தங்கள் முகத்தைக் காட்டி அருளவும்" என்றது அட்டைப்பெட்டி.

இசோபெ இடுப்பை மடித்துக் குனிந்தார்.

எதிரே ஒருவர் குனிந்தால் நிஷிமோரி மட்டும் மரமா? அவரும் உள்ளே குனிந்தார். நெற்றி அட்டையில் மோதியது. இயந்திரம் முன்பக்கமாகச் சாய்ந்து இசோபெயின் உச்சந்தலையில் உட்கார்ந்தது. உள்ளேயிருந்து "மன்னிக்கணும்" என்றார் நிஷிமோரி. "நான்தான் மன்னிப்புக் கேட்கணும்" என்று இன்னும் குனிந்தார் இசோபெ.

"பெயில்!" என்றார் வாகிசாகா. "கேமராவுக்கு உச்சந்தலைதான் தெரிஞ்சுது. பாஸ்போர்ட்ல உச்சந்தலையா இருக்கு?"

"அது தயவுசெய்துன்னு சொல்லுச்சுங்க ஐயா. பதிலுக்குக் குனியாம எப்படி?"

"இயந்திரத்துக்கு என்ன மரியாதை?"

"அப்ப இயந்திரம் மட்டும் எனக்கு ஏன் மரியாதை குடுக்குது?"

வாகிசாகா இதைக் குறித்துக்கொண்டார். கேள்வி மேலிடத்துக்குப் போயிற்று.

இரண்டாம் தடவை, குனியவே கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார் இசோபெ. "வருக" என்றது பெட்டி, தாங்கினார். "சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்றது; கழுத்து நரம்பு புடைத்தது, தாங்கினார். "ஒத்துழைப்புக்கு நன்றி" என்றதுதான் தாமதம், இடுப்பு தன்பாட்டுக்கு மடிந்தது. மூன்றாம் தடவையும் அதே கதை. அந்த முறை அட்டைப்பெட்டியைச் சுவரோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் நிஷிமோரிக்கு மட்டும் நெற்றி வீங்கியது.

இதையெல்லாம் இசோபெ கோட்டு அளவு பார்க்க வந்தபோது என் கடையில் வைத்துதான் மகளிடம் சொன்னார். போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். நான் கேட்டேன் என்று சொல்ல முடியாது. காது இருந்தது, அவ்வளவுதான்.

"அப்பா, இங்க யாருமே பரீட்சை எழுதிட்டு வர்றதில்லப்பா! விரலை வெக்கிறாங்க, கேமராவைப் பாக்குறாங்க, போய்க்கிட்டே இருக்காங்க. அஞ்சு வயசுக் குழந்தை செய்யுது."

"குழந்தைங்களுக்குச் சீக்கிரம் வந்துடும்மா."

"அந்தச் சான்றிதழை இங்க யாரும் கேக்க மாட்டாங்க. யாருக்கும் அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது."

"இங்க இத்தனை பேரு எனக்காக மெனக்கெடறாங்க. நிஷிமோரி சானுக்கு நெத்தியே வீங்கிப்போச்சு. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

"வேண்டாம்னு சொல்லுங்கப்பா! வாயைத் தொறந்து ஒரு தடவை சொல்லுங்க! நீங்க வரலைன்னா என் பக்கம் யாருமே இல்ல, ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா" என்று சொல்லிப் போனுக்குத் தலை குனிந்தார். மகளுக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது: இரண்டு சுழியும்.

அவர் போனதும் மாடிக்குப் போய் நானே கேட்டுவிட்டேன். துவைத்த கட்டைவிரலைக் கொடுக்கிற சாக்கு இருந்தது.

"ஐயா, அங்க உள்ள இயந்திரம் நிஜமாவே இப்படித்தான் பேசுமா?"

வாகிசாகா தேநீரை ஊதினார். "அங்க எப்படிப் பேசும்னு எங்களுக்குத் தெரியாதும்மா. தெரியாததுனாலதான் வாரியம் தேவைப்படுது."

"உங்கள்ள யாராவது போய்ப் பாத்திருக்கீங்களா?"

"எங்க ஊழியர் யார்கிட்டயும் பாஸ்போர்ட் கிடையாது. அது எங்க கொள்கை. எல்லையைக் கடந்தவனுக்கு எல்லையைப் பத்தி என்ன தெரியும்? அவன்தான் கடந்து போயிட்டானே! எல்லைக்கு இந்தப் பக்கமே முப்பது வருஷம் நின்னவனுக்குத்தான் அது முழுசாத் தெரியும்."

கட்டைவிரலைக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தேன்.

மறுவாரம் வாரியம் தீவிரப் பயிற்சியை அறிவித்தது. எலும்பு வைத்தியரிடமிருந்து கழுத்துப்பட்டை ஒன்று வந்தது. விபத்தில் கழுத்து சுளுக்கினவர்கள் போடுகிற சாதி. இசோபெ அதை நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டும். உதடு பிரியக் கூடாது, புருவம் ஏறக் கூடாது. கூடவே சுற்றறிக்கைப் பலகை மறுபடி வந்தது: இசோபெ சானை வழியில் பார்ப்பவர்கள், அவர் நன்மைக்காக, வணக்கம் சொல்வதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். கட்டாயம் இல்லை.

அப்புறம் எங்கள் தெருவைப் பார்க்க வேண்டுமே! காலையில் இசோபெ வருவார், வெள்ளைப் பட்டைக்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டு. டோஃபூக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். தபால்காரர் வானத்தைப் பார்ப்பார். அறுபது வயது மனிதர், ஊரில் எல்லோருக்கும் நல்லவர், ஒரு தப்பும் செய்யாமல் ஊர் விலக்கு வாங்கிக்கொண்டு நடந்தார். விலக்கினவர்களில் நானும் ஒருத்தி. ஜன்னலில் இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்துக்கொண்டே, அவரைப் பார்க்காத மாதிரி பார்த்தேன். ஒரு நாள் என் ஜன்னலருகே நின்றார். ஏதோ சொல்ல வந்தார். உதடு பிரியக் கூடாது என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், போய்விட்டார்.

விடுதி வாசலில் இன்னும் மோசம். பஸ் கிளம்பியது, இசோபெ நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார். டிரைவர் கோகா வளைவுக்கு முன்னாலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தார்.

"என்னண்ணே, ஏதாவது தப்பு நடந்துபோச்சா? யாராவது உங்களை ஏதாவது சொன்னாங்களா? கண்ணாடில உங்க தலை தெரியல, எனக்குக் கையே ஓடல."

இசோபெ கேமராவைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தார். கோகா பயந்து பின்வாங்கினார். பஸ்ஸில் இருந்த விருந்தாளிகள், விடுதிக்காரர்களுக்கு நம்மீது என்ன கோபம் என்று எழுதிப் போட்டுவிட்டார்கள். முதலாளியம்மா இசோபெயை வாசலிலிருந்து எடுத்து, அடித்தளத்தில் கொதிகலன் பக்கம் போட்டார். "பயணம் முடியற வரைக்கும்தான்" என்றார். கொதிகலனுக்கு யார் முகம் எப்படி இருந்தால் என்ன?

அதோடு நாலாவது தடவை பரீட்சைக்குப் போனார். அட்டைப்பெட்டி வருக என்றது, மன்னிக்கவும் என்றது, நன்றி என்றது. நிஷிமோரி தன் பங்குக்குப் புதிதாக, "தங்கள் பயணம் இனிதாகுக, வீட்டில் அனைவரும் நலமா" என்றுகூடக் கேட்டுப் பார்த்தார். இசோபெயின் முகத்தில் ஓர் ஈ உட்கார்ந்து, நடந்து, மறுபக்கம் இறங்கிப் போனது.

"பாஸ்!" என்று கத்தினார் வாகிசாகா. "இந்தக் கண்ணைப் பாருங்க! மூணு நாள் ஐஸ்ல கெடந்த கண்ணு!"

சான்றிதழ் வழங்கும் விழா புதன்கிழமை பிற்பகல். அன்றைக்குச் சாயங்காலம் கடைசிப் பஸ்ஸைப் பிடித்தால், ராத்திரி விமானம். வியாழக்கிழமை அங்கே இறங்கி, ஒரு தூக்கம் போட்டு, வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்கு நிதானமாகப் போகலாம். இசோபெ பெட்டியோடுதான் மன்றத்துக்கு வந்தார். கறுப்புக் கோட்டு போட்டிருந்தார், தோள் அழகாக உட்கார்ந்திருந்தது. கழுத்துப்பட்டைதான் கோட்டுக்குப் பொருந்தவில்லை.

மேடையில் யுபிமாரு ஆடியது. வாகிசாகா சான்றிதழை இரண்டு கையாலும் நீட்டினார். இசோபெ இரண்டு கையாலும் பிடித்தார். பாலர் பள்ளியிலிருந்து எங்கள் எல்லோருக்கும் தெரியும், இந்த இடத்தில் வாங்குகிறவர் தலை குனிய வேண்டும். குனிந்தால்தான் கொடுக்கிறவர் விடுவார்.

இசோபெ குனியவில்லை. வாகிசாகா விடவில்லை. இருவருக்கும் நடுவில் சான்றிதழ் விறைத்துக்கொண்டு நின்றது.

"குனிங்க" என்றார் வாகிசாகா பல்லைக் கடித்துக்கொண்டு.

இசோபெ உதட்டைப் பிரிக்காமல் முனகினார். "குனிஞ்சா பெயில்னீங்களே."

"இது பரீட்சை இல்ல. விழா."

முன்வரிசையில் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்த தேர்வுக் குழுவிலிருந்து ஒருவர் எழுந்தார். "மன்னிக்கணும் தலைவரே. சான்றிதழ் கைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் தேர்வு நடக்கறதாத்தான் விதி. இப்பக் குனிஞ்சா தகுதி போயிடும்."

"குனியலைன்னா எனக்கு அவமரியாதை!"

"அது விழாக் குழு பாக்க வேண்டிய விஷயம், ஐயா."

விழாக் குழுவும் அதே மூன்று பேர்தான். மூவரும் எழுந்து பக்கத்து அறைக்குப் போய் விழாக் குழுவாக உட்கார்ந்து பேசிவிட்டு, திரும்பி வந்து தேர்வுக் குழுவாக உட்கார்ந்து அதை மறுத்தார்கள். எங்களுக்கெல்லாம் பார்லித் தேநீர் கொடுத்தார்கள். மேடையில் இருவரும் காகிதத்தைப் பிடித்தபடியே நின்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, அதை மேசை மேல வெச்சிடுங்களேன். அவரு எடுத்துக்கிட்டுப் போகட்டும். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

வாகிசாகா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அம்மா, நம்ம ஊர்ல மனுஷனுக்கு மனுஷன்தான் மரியாதை குடுக்கறோம். மேசைகிட்டயிருந்து சான்றிதழ் வாங்கினவன்னு நாளைக்கு இவரைச் சொல்லலாமா? இவருக்கு நாங்க குடுக்கற மரியாதைக்காகத்தான் இவரை நிக்க வெச்சிருக்கோம்."

இசோபெ இதற்கும் அசையவில்லை. கையை விட்டுவிட்டு இறங்கி நடந்திருக்கலாம். பஸ் நிறுத்தம் கூப்பிடு தூரம். ஆனால் வட்டமே உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் மட்டும் எழுந்து போவது என்பதை எங்கள் ஊரில் யாரும் செய்து பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் தேநீர் இன்னும் மிச்சம் இருந்தது.

மன்றத்தின் ஜன்னல் வழியாகக் கடைசிப் பஸ் தெரிந்தது. கோகா முடிந்தவரை நிறுத்தி வைத்திருந்தார். ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு கிளம்பினார். வாழ்க்கையில் முதல்தடவையாக இசோபெ, ஒரு பஸ் அந்த வளைவில் திரும்புவதை நிமிர்ந்து நின்று பார்த்தார். அது அவர் ஏறவேண்டிய பஸ்.

இருட்டும் நேரத்தில் குழுக்கள் இணங்கின. இசோபெயின் சார்பில் யுபிமாரு குனியும். நிஷிமோரி முன்னால் வந்து குனிந்தார். கட்டைவிரலுக்கு நடுவில் மடிப்பு வைத்துத் தைக்கவில்லை. அப்படியே மேடையிலிருந்து தலைகுப்புற விழுந்தார். நகம் கிழிந்தது. வாகிசாகா காகிதத்தை விட்டார். கைதட்டினோம்.

அடுத்த விமானம் மறுநாள் ராத்திரி. வெள்ளிக்கிழமை விடிகாலையில் இறங்கும். நேராகப் போனால் பதினோரு மணிக்கு மூச்சு வாங்காமல் போய்ச் சேரலாம்.

இதற்கு மேல் நடந்ததை, கோட்டை வெளுக்கப் போட வந்த அன்று இசோபெயே என்னிடம் சொன்னார். சொன்னார் என்றால், நான் கேட்டேன்.

விமானத்தை விட்டு இறங்கினதும் இயந்திரங்கள் வரிசையாக நின்றனவாம். மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, நாடா ஒட்டி. அன்றைக்கு ரிப்பேர். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மனிதர், குண்டாக, சிரித்த முகமாக. பாஸ்போர்ட்டைப் பார்த்தார். எங்கேயோ கற்றுக்கொண்டது போலிருக்கிறது, எங்கள் மொழியிலேயே வணக்கம் சொல்லி, உட்கார்ந்தபடியே தலையும் குனிந்தார்.

இசோபெ மீனாக நின்றார்.

கூண்டுக்காரர் மறுபடி சிரித்தார். இசோபெ கண் சிமிட்டவில்லை. எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். மகள் கல்யாணம் என்று ஆங்கிலத்தில் சொல்ல மினோரி சொல்லிக்கொடுத்திருந்தாள்; குளியலறையில் சொல்லிச் சொல்லிப் பழகியும் இருந்தார். உதடு பிரியவில்லை. அதற்குப் பதிலாகப் பையிலிருந்து சான்றிதழை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். கூண்டுக்காரர் பார்த்தார்: கண் வைத்த கட்டைவிரல் படம், சிவப்பு முத்திரை, ஒரு வரி புரியவில்லை. கழுத்துப்பட்டையைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். தனி அறைக்குக் கொண்டுபோனார்கள்.

"ஏன் இசோபெ சான், பொண்ணு கல்யாணம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மனுஷன்தானே எதிர்ல இருந்தது?" என்று கேட்டேன்.

"இயந்திரம் எங்கேயாவது இருந்து பாத்துக்கிட்டிருந்தா?" என்றார்.

காலை முழுக்க அந்த அறையில். மொழிபெயர்க்க ஒருவர் வந்து, மினோரிக்குப் போன் போட்டு, அது என்ன சான்றிதழ் என்று அவள் அழுதுகொண்டே விளக்கின பிறகு, ஒரு பெண் அதிகாரி உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தாள். விரலைப் பிடித்து வைத்தாள். முகத்துக்கு நேரே காட்டினாள். அவ்வளவுதான். அது ஒரு வார்த்தை பேசவில்லையாம். தயவுசெய்து என்றுகூடச் சொல்லவில்லையாம். அதைச் சொல்லும்போது இசோபெயின் குரல் கொஞ்சம் இறங்கியது.

பதிவு அலுவலகத்தில் பதினோரு மணிக்குப் பெயர் கூப்பிட்டார்கள். வெளியே அடுத்த ஜோடி தயாராக நின்றது. மினோரி கெஞ்சிக் கொஞ்ச நேரம் வாங்கினாள், அதற்கு மேல் முடியவில்லை. பெண் பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பையை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

டாக்சி வந்து நின்றபோது எல்லோரும் வாசற்படியில் படத்துக்கு நின்றுகொண்டிருந்தார்களாம். இதை மினோரி எனக்குப் போனில் சொன்னாள்.

"அப்பா எறங்கினாரு அத்தை. கழுத்துல இருந்ததைக் கழட்டி ரோட்டுல போட்டாரு. படியேறி வந்தாரு. யென்ஸோட அப்பா அம்மா முன்னால வந்து குனிஞ்சாரு. நான் தூக்கினேன், நிமிரல. யென்ஸ் தூக்கினான், நிமிரல. பரவாயில்லப்பா, பரவாயில்லப்பான்னு எத்தனை தடவை சொன்னேன்! என்ன செய்யறதுன்னு தெரியாம யென்ஸோட தாத்தாவும் குனிஞ்சுட்டாரு. போட்டோக்காரர் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பாரு, எடுத்துட்டாரு."

அந்தப் படத்தை அவள் எனக்கு அனுப்பிவைத்தாள். ஒரு பிரதியை இசோபெ வீட்டில் அவள் அம்மா படத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னாள், வைத்துவிட்டு வந்தேன். இன்னொன்று போட்டு என் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். படிக்கட்டு, பூ, வெள்ளை உடுப்பில் மினோரி. அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. நடுவில் கறுப்புக் கோட்டுத் தோள் இரண்டு. நடுவே ஒரு வழுக்கை.

வாகிசாகாவுக்கு விஷயம் எட்டியதும் ஓடிவந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"காலை பூரா விசாரணை, ஒகுமுரா சான்! அந்நிய மண்ணு! ஒரு தசை அசையலையாம்! வாரியத்தோட வரலாற்றுலயே முதல் நிலை வாங்கற முதல் ஆளு! அவருக்கு விழா எடுக்கப் போறோம். சுவரொட்டிக்கு அந்தப் படத்தைக் குடுங்க."

கொடுத்தேன். மறுநாளே நிஷிமோரி திரும்பக் கொண்டுவந்தார், நெற்றியில் பிளாஸ்திரியோடு. பின்னாலேயே வாகிசாகா.

"இதுல முகம் தெரியலையேம்மா. முகம் தெரியாத படத்தை வாரியம் ஏத்துக்க முடியாது. இது இசோபெ சான்தான்னு எதை வெச்சு நிச்சயம் பண்றது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. சீருடை வாங்க வந்த டிரைவர் கோகா. வாகிசாகா கையில் இருந்த படத்தை எட்டிப் பார்த்தார்.

"அட, இசோபெ அண்ணன்! பொண்ணு கல்யாணத்துல எடுத்ததா? படத்துல நல்லா விழுந்திருக்காரே!"

வாகிசாகா படத்தையும் கோகாவையும் மாறி மாறிப் பார்த்தார். "டிரைவர் சொன்னாப் போதுமா?" என்றார். "இவரு எந்த நிலை பாஸ் பண்ணியிருக்காரு?"

கேள்வி மேலிடத்துக்குப் போயிருக்கிறது.

இசோபெயை முதலாளியம்மா மறுபடி வாசலுக்கு எடுத்துவிட்டார். கோகா சீருடையோடு போன கொஞ்ச நேரத்தில் பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வெளிச்சத்துக்காகத்தான். அவர் குனிந்திருந்தார். பஸ் வளைவில் திரும்பியது, மறைந்தது. இப்போதெல்லாம் அதற்குப் பிறகும் அவர் நிமிர்வதில்லை. தெரு காலியான பிறகும், யாரோ இன்னும் போய்க்கொண்டிருக்கிற மாதிரி, அப்படியே நிற்கிறார். போய் நிமிர்த்திவிடலாமா என்று தோன்றும். கையில் இஸ்திரிப் பெட்டி இருக்கும்.